இரவல் ஆரவாரம்

பந்தாட்டம் பார்த்துக் கத்துகிறவன், சண்டைப் படம் பார்த்துக் கை தட்டுகிறவன், கூட்டத்துக்குப் போய்க் கொடி ஆட்டுகிறவன், இந்த மூன்று பேருக்கும் மண்டைக்குள் ஒன்றும் கிடையாது என்பது சத்தக்காரரின் தீர்ப்பு. மூன்றும் ஒரே ஆளாக வந்து வாய்த்தால் அதற்குப் பெயர் மச்சினன் என்பார். மனைவியின் காதில் விழும்படிதான் சொல்வார். அவளும் பதிலுக்குப் பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாக வைப்பாள்.

சத்தக்காரர் என்பது தொழிலால் வந்த பெயர். அயல்மொழிச் சண்டைப் படங்களுக்கு உள்ளூர்க் குரல் போடும் ஸ்டூடியோவில் இருபத்தாறு வருடமாக அவருக்கு அடி போடுகிற வேலை. பழைய படங்களில் பேச்சை அழித்தால் கூடவே அடி, உதை, எலும்பு முறிவு எல்லாம் அழிந்துவிடும். திரையில் ஒருவன் காற்றில் பறந்து வந்து உதைப்பான், சத்தமே வராது. ஊமைக் கனவு மாதிரி இருக்கும். அந்த உதைக்கு உயிர் கொடுக்கிறவர் இவர். ஜன்னலே இல்லாத அறை. சுவர் முழுக்கப் பஞ்சு. நடுவில் ஒரு மைக், அதன் முன்னால் பழைய தோல் ஜாக்கெட்டைச் சுற்றிக் கட்டிய தலையணை. குத்து என்றால் தலையணையில் பிரம்பால் ஒரு போடு. கன்னத்தில் அறை என்றால் ஈரத் துண்டைத் தரையில் அடிக்க வேண்டும். கழுத்தைத் திருகினால் முட்டைக்கோஸ். வேலை முடிந்து அந்த முட்டைக்கோஸ் வீட்டுக்குத்தான் வரும். "இன்னைக்கு எத்தனை பேர் செத்தான்?" என்று கேட்டுக்கொண்டே மனைவி நறுக்குவாள்.

சோற்றுக்கு வழி செய்த படங்கள்தான். ஆனாலும் அவருக்கு அவற்றைக் கண்டாலே குமட்டும். நாற்பது பேர் சுற்றி நிற்பான். ஒருவன் அடிபட்டு விழும் வரைக்கும் மற்ற முப்பத்தொன்பது பேரும் கையைக் காலை ஆட்டிக்கொண்டு முறைக்காகக் காத்திருப்பான். ரேஷன் கடையில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது. கதாநாயகன் மூன்று மாடியிலிருந்து குதிப்பான், காலில் இருக்கிற செருப்பு கழலாது. "என் சொந்தச் செருப்பு பஸ்ஸில் ஏறும்போதே கழலுதே, அவன் என்ன பசை போட்டு ஒட்டிக்கிட்டானா?" என்பார். அந்த வெற்றுக் குத்துக்கு இவர் போட்ட பிரம்படியைக் கேட்டு, தியேட்டரில் பெரிய மனிதர்களெல்லாம் நாற்காலி நுனிக்கு வருவார்கள். தூ!

பந்தாட்ட ரசிகன் இன்னும் ஒரு படி கீழே. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறவன், "நேத்து நாம நல்லா ஓடினோம்" என்பான். நாமாம். இவன் எங்கே ஓடினான்? கழிப்பறைக்கு ஓடியிருப்பான், இடைவேளையில்.

அரசியலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அங்கே அடியும் பொய், ஆளும் பொய். அவருக்குக் கொஞ்சமாவது மரியாதை இருந்தது மைக்செட்காரன் மேல் மட்டும்தான்.

மச்சினன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, தொண்டை என்றுதான் சொல்வார்கள். உள்ளூர் அணி ஆடும்போது மேளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தொண்ணூறு நிமிடமும் கத்துகிற ஆள். அந்த அணி கோப்பையைத் தொட்டதே இல்லை என்பது வேறு விஷயம். அப்பேர்ப்பட்டவன் திடீரென்று நகரசபைத் தேர்தலில் நின்றான். காரணம் இருந்தது. நகரசபைக்குச் சொந்தமான ஒன்பது மாடிக் குடியிருப்பில் ஏழு மாதமாக லிஃப்ட் ஓடவில்லை. மேல் மாடியில் இருக்கிற வயசாளிகள் ஏழு மாதமாகத் தரையை மிதிக்கவில்லை. "ஒரு மோட்டார் மாத்தினாப் போதும் அத்தான், ரெண்டு நாள் வேலை. கையெழுத்துப் போட ஒருத்தனுக்கும் நேரமில்ல. நானே போய் உக்காந்து போட்டுட்டு வந்துடறேன்" என்றான். மனசில் இருந்ததே அவ்வளவுதான். ஒரு குட்டிக் கட்சி அவனுக்குச் சீட்டுக் கொடுத்தது, வேறு ஆள் கிடைக்காததால்.

"கையெழுத்துப் போடவா? முதல்ல உன்னை எவனாவது நிமிந்து பாக்கறானான்னு பாரு" என்றார் சத்தக்காரர்.

பார்க்கவில்லை. முதல் கூட்டத்துக்குப் பதினோரு பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர் பஸ்ஸுக்கு நின்றவர்கள், பேச்சின் நடுவில் பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்கள். அதையும் ஒருவன் வீடியோ எடுத்திருந்தான். "இந்தத் தடவை நாம ஜெயிக்கப் போறோம்!" என்று மச்சினன் கையை உயர்த்துகிறான். உயர்த்திய கைக்குக் கீழே ஒரு நாய் குரைக்கிறது. வேறு சத்தம் இல்லை.

மனைவி அந்த வீடியோவைக் கொண்டுவந்து நீட்டினாள். "கொஞ்சம் கூட்டம் போட்டுக் குடுங்களேன். உங்களுக்குக் கைவந்த வேலைதானே? அவன் உங்ககிட்ட கேக்கக் கூச்சப்படறான்."

"வராத கூட்டத்தை வந்ததாக் காட்டணும். இதுதான் உன் தம்பி செய்யப் போற நல்லாட்சியா?"

"ஊரெல்லாம் அதைத்தான் செய்யுதுன்னு நீங்கதானே தினமும் சொல்றீங்க? இவன் ஒருத்தன் மட்டும் எதுக்கு நாய் குரைக்கறதோட போகணும்?" அவள் வீடியோவை மறுபடி ஓடவிட்டாள். "தம்பிங்க. எல்லாரும் பாத்துச் சிரிப்பாங்க."

சரியென்று ஒப்புக்கொண்டார். இரண்டு காரியம் நடக்கும்: வீட்டில் நிம்மதி, மூன்று வகை முட்டாள்களையும் ஒரே சத்தத்தில் ஏமாற்றிய திருப்தி. ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் கூட்டச் சத்தம் ஒரு பெட்டி நிறைய இருந்தது. முதலில் இருந்ததை எடுத்தார். என்றைக்கோ ஒரு வானொலி நிலையம் கழித்துப்போட்ட நாடாக்களிலிருந்து ஏற்றியது. ஏதோ மைதானம், ஏதோ ஆட்டம். நடுவில் வர்ணனைக்காரரின் பேச்சு விழாமல், பத்தாயிரம் பேர் மெல்ல மெல்ல எழும்பி உச்சத்துக்குப் போகிற இருபது நொடி. அதற்கு மேல் அந்தக் கூட்டம் என்னவோ முனகும், அது உதவாது என்று வெட்டி வைத்திருந்தார். சண்டைப் படங்களில் போட்டி மேடை வரும்போதெல்லாம் பதினைந்து வருடமாக அதே இருபது நொடியைத்தான் போட்டார். அடிக்கும் உதைக்கும் அடியில் அது ஓடியது. ஒரு கழுதைக்கும் தெரியவில்லை. கூட்டம் என்றால் கூட்டம். மழை என்றால் மழை. இதில் என்ன அடையாளம் வேண்டிக்கிடக்கிறது?

நாயை அழித்தார். கூட்டத்தை ஏற்றினார். மச்சினனை அழைத்து ஹெட்போனை மாட்டிக் கேட்கச் சொன்னார். அவன் கேட்டான். இன்னொரு தடவை கேட்டான். கண் கலங்கிவிட்டது.

"நல்லாருக்கு அத்தான்" என்றான்.

தனக்குக் கிடைக்காத கைதட்டலைக் கேட்டுத் தானே அழுகிறானே, இவனல்லவா அரசியல்வாதி என்று சத்தக்காரர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை வீடியோ வெளியானது. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் உள்ளூர் அணி ஒரே ஒரு தடவை இறுதியாட்டம் வரைக்கும் போயிருந்தது. கடைசி நிமிடத்தில் பெனால்டி கிடைத்தது. அடித்தால் கோப்பை. ஊரே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அடித்தவன் பந்தைக் கம்பத்துக்கு மேலே ஆகாயத்துக்கு அனுப்பினான். அந்த வானொலி வர்ணனையை அணியின் ரசிகர்கள் வைத்து வைத்துக் கேட்டவர்கள். அம்மா குரல் மாதிரி அவர்களுக்கு அது தெரியும். எந்த இடத்தில் விசில், எந்த இடத்தில் மேளம், எல்லாம் மனப்பாடம். படத்தில் பிரம்படிக்கு அடியில் புதைந்து கிடந்த சத்தம் இங்கே மேலே ஒன்றும் இல்லாமல் பச்சையாக ஓடியது. மூன்றாவது நொடியில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

எவனோ ஒரு புண்ணியவான் சத்தக்காரர் வெட்டிய மிச்சத்தையும் சேர்த்து ஒட்டிவிட்டான். "இந்தத் தடவை நாம ஜெயிக்கப் போறோம்!" என்று மச்சினன் கை உயர்த்த, ஆரவாரம் எழும்ப, பந்து பறக்க, பத்தாயிரம் பேர் சேர்ந்து, "ஐய்ய்யோ...!" சனிக்கிழமைக்குள் ஊரில் அதைப் பார்க்காத ஆள் இல்லை. சத்தக்காரரின் ஸ்டூடியோ வாட்ச்மேன்கூடப் பார்த்துவிட்டு அவரிடமே கொண்டுவந்து காட்டினான்.

"ஏங்க, அது எந்த மேட்ச்னு பாத்துப் போடக் கூடாதா?" என்றாள் மனைவி.

"ஒரு கூச்சலைக் கேட்டு நாள் கிழமை சொல்ற பைத்தியங்க இருக்கும்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?" என்று பாய்ந்தார். பாய்ந்த பிறகு, பாதிச் சோற்றோடு தட்டை நகர்த்தினார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை கடைசிக் கூட்டம். அறுநூறு பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். அத்தனை பேரும் கேட்க வரவில்லை, சிரிக்க வந்தார்கள். மைக்செட்காரன் எதிர்க்கட்சிக்குப் போய்விட்டதால் சத்தக்காரரே ஸ்பீக்கர் பெட்டிகளைக் கொண்டுவந்து, மேடைக்குப் பக்கத்தில் அவற்றின் பின்னால் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் கூட்டம் தெரியும். கூட்டத்திலிருந்து பார்த்தால் அவர் தெரிய மாட்டார்.

மச்சினன் மைக்கைப் பிடித்தான். "ஒன்பதாவது மாடியில ஒரு அம்மா இருக்காங்க..." என்று ஆரம்பித்து மூச்சு விட்டான். அந்த இடைவெளியில் அறுநூறு பேரும் ஒரே குரலில், "ஐய்ய்யோ...!" என்றார்கள். சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆனது. மறுபடி வாயைத் திறந்தான். மறுபடி "ஐய்ய்யோ!" சத்தக்காரரின் விரல் வால்யூம் குமிழில் இருந்தது. ஏற்றினால் அவர்களை அமுக்கிவிடலாம். லேப்டாப்பில் இன்னும் ஐம்பது கூட்டம் இருந்தது. அவர் தொடவில்லை.

முன்வரிசையில் ஒரு தடித்த ஆள் எழுந்தான். "தொண்டை! எங்க மானம் போன மேட்ச்சை உன் விளம்பரத்துக்குப் போட்டியே, எவன் ஐடியாடா அது? உன் அத்தான் அந்த வேலைதானே செய்யறாரு? அவரை மேடைக்குக் கூப்பிடு, ரெண்டு வார்த்தை கேக்கணும்!"

"கூப்பிடு! கூப்பிடு!" என்று கூட்டம் பிடித்துக்கொண்டது.

சத்தக்காரர் பெட்டிகளுக்குப் பின்னால் தலையைத் தாழ்த்தினார். நாற்பது பேர் சுற்றி நின்றால் ஒவ்வொருவனாகத்தான் வருவான் என்று வாழ்நாள் முழுக்கக் கேலி பேசியவர். இவர்கள் ஒவ்வொருவராக வரமாட்டார்கள் என்று தெரிந்தது. எழுந்து, "நான்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் இன்னும் கொஞ்சம் குனிந்து, சரியாகத்தான் இருந்த ஒரு வயரைக் கழற்றி மாட்டினார்.

"அத்தான் மேல ஒரு தப்பும் இல்ல" என்றது மச்சினனின் குரல், அவர் மாட்டிய அதே வயர் வழியாக. "அவர் வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் கேட்டு வாங்கிப் போட்டேன். அன்னைக்கு வந்தது பதினோரு பேரு. வெக்கமா இருந்துச்சு. அதான் பொய்க் கூட்டம் போட்டேன். தப்புதான். திட்டணும்னா என்னைத் திட்டுங்க."

திட்டினார்கள். சத்தக்காரர் தலையணையை அடிப்பதுபோல ஆளாளுக்கு ஒரு போடு போட்டார்கள். அவன் நின்று வாங்கிக்கொண்டான். சலித்துப்போய்க் கூட்டம் கலைந்தபிறகு லிஃப்டைப் பற்றிப் பேசினான், மோட்டாரின் விலை வரைக்கும். கேட்க நாற்பது பேர் இருந்திருப்பார்கள். ஓட்டுப் போட இன்னும் ஐந்து நாள் இருந்தது. ஆனால் தோல்வி அங்கேயே முடிவாகிவிட்டது. அந்த ஒன்பதாவது மாடி அம்மா இனிமேலும் ஜன்னல் வழியாகத்தான் தெருவைப் பார்க்க வேண்டும்.

மேடை காலியானதும் மச்சினன் வந்து வயர்களைச் சுருட்ட ஆரம்பித்தான். தொண்டை கட்டிப்போயிருந்தது.

"எதுக்குடா உன் தலையில போட்டுக்கிட்டே?" என்றார் சத்தக்காரர். குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

"விடுங்க அத்தான். எனக்கு அன்னைக்கே தெரியும். ஹெட்போன் மாட்டினதுமே."

"என்ன தெரியும்?"

"ரெண்டு அடி விழுந்து மூணாவது கேக்காம ஒரு மேளம் வருமே, அதை அடிச்சது நான்தான். அன்னைக்குத் தோல் கிழிஞ்சுபோச்சு. கிழிஞ்ச மேளத்தையே அடிச்சுக்கிட்டிருந்தேன்."

"தெரிஞ்சுமாடா சும்மா இருந்தே? ஊரே கண்டுபிடிச்சுடும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா நீங்க எங்க ஆட்டம் ஒண்ணைக்கூட உக்காந்து பாத்ததில்ல. என்னை ஒருநாளும் மனுஷனா மதிச்சதில்ல. அப்பேர்ப்பட்டவர் எனக்காக, அத்தனை கூட்டத்துல அந்த மேட்ச்சையே தேடிப் பிடிச்சுப் போட்டிருக்காருன்னு நினைச்சேன். வேற போடுங்கன்னு சொல்ல வாய் வரல." வயரைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தான். "தேடித்தானே எடுத்தீங்க அத்தான்?"

ஊரில் உள்ள பொய்யனை எல்லாம் வைதவர் அவர்.

"ஆமாண்டா" என்றார். "ரெண்டு நாள் தேடினேன்."

மச்சினன் முகம் மலர்ந்துபோயிற்று. அத்தனை வசவு வாங்கிய முகம் அது. "எனக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே ஸ்பீக்கர் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தான். மறுமுனையைப் பிடிக்கக் குனிந்த சத்தக்காரர் வெகுநேரம் நிமிரவில்லை.

"என்ன அத்தான், கனமா இருக்கா?" என்று கேட்டான் அவன்.