மறந்தவன் பக்கம்

கொரியத் தொடர்களில் லாரி எப்போது வரும் என்பது சண்முகவடிவுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கவளைப் பாத்து அவன் சிரிச்சான்னா ஆச்சு, லாரி வருதுன்னு அர்த்தம். கதை எழுதுதவனுக்குப் போக வழி இல்லன்னா ஒரு லாரியக் கொண்டாந்து விட்டுருவான். அடுத்த வாரம் பாரு, கண்ணு முழிச்சதும் இவளையே யாருன்னு கேப்பான்" என்பாள், கையிலிருக்கும் சட்டையைத் திருப்பிப் போட்டபடி.

தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் பைசான் பாயின் தையல் கூடம் இருந்தது. மெஷினிலிருந்து வரும் சட்டைகளில் தொங்கும் நூலை வெட்டுவதற்கென்று ஏழெட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். தாகா கட்டிங் என்று அதற்குப் பெயர். கைக்குத்தான் வேலை, வாய் சும்மா இருக்கும். அதனால் வடிவு முந்தின நாள் போனில் பார்த்த தொடரைச் சொல்வாள். தமிழில் குரல் கொடுத்து வருகிற தொடர்கள்தான், ஆனாலும் அந்தப் பெயர்கள் யார் வாயிலும் நிற்பதில்லை. அவளே பெயர் வைத்துவிடுவாள். பணக்காரக் கதாநாயகன் கோட்டுக்காரன். அவன் காதலிக்கிற பெண்ணை மனதுக்குள் நேசித்துக்கொண்டு, மழை வரும்போதெல்லாம் குடையோடு வந்து நிற்கும் இன்னொருவன் குடைக்காரன்.

"குடைக்காரனுக்குப் பண்ணுதது அநியாயம். குடை பிடிக்க ஒருத்தன், கட்டிக்கிட ஒருத்தனா? நல்லவனா இருக்கதே ஒரு குத்தமாட்டி?"

"குடையக் கட்டிக்கிட்டு என்ன செய்ய?" என்பாள் பக்கத்தில் இருக்கும் பானுமதி. "கோட்டுக்காரனுக்கு எத்தனை மாடி வீடு, பாத்தேல்லா?"

"மாடி இருந்தா? சும்மாச் சும்மா அவ கையப் பிடிச்சு இழுக்கான். ஒருத்தியாவது ஓங்கி ஒரு அறை விடுதாளா?"

பையனின் அம்மா வந்து மருமகளாகப் போகிறவளின் முகத்தில் தண்ணீரை ஊற்றும் காட்சி வடிவுக்கு அறவே பிடிக்காது. மனசு உடைந்தவர்கள்கூட ஒரு கடையில் உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிடுகிற காட்சி ரொம்பப் பிடிக்கும். அதைவிட ஒன்று பிடிக்கும்.

"கட்டிப்பிடிக்கதெல்லாம் பெருசில்ல. நீங்க நீங்கன்னு பேசிக்கிட்டிருந்தவன் முதல்தடவையா நீன்னு சொல்லுவாம் பாரு. கதையே அங்கதான் இருக்கு."

"எங்க வீட்டுக்காரன் தாலி கட்டின அன்னைக்கே ஏளான்னுட்டானே" என்று பானுமதி சொல்ல, கூடமே சிரித்தது. வடிவும் சிரித்தாள். அவள் புருஷன் பேச்சிராஜாவும் அவளை, ஏடி என்பதற்கு ஊரில் சொல்கிற அந்த ஏளா என்றுதான் கூப்பிடுவான்.

பேச்சிராஜாவுக்குப் பிளாஸ்டிக் கிடங்கில் மூட்டை தூக்கும் வேலை. கொரியத் தொடர் பக்கமே வரமாட்டான். அவள் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "நேத்து அழுதவன் வேற, இன்னைக்கு அழுதவன் வேறயா? அழுகைக்கு இப்படி ஆள் போட்டுருக்கான்!" என்று கேலி செய்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவான்.

ஜூலை மழையில் ஒருநாள் மதியம் கிடங்கின் இரும்பு ஏணி ஈரமாக இருந்தது. மூட்டையோடு மேலே ஏறியவன் கால் வழுக்கி மல்லாந்து விழுந்தான். பின்மண்டை கீழே கிடந்த மெஷினின் விளிம்பில் பட்டது. லாரி வரவில்லை. எதிரில் நின்று யாரும் சிரிக்கவில்லை. வடிவு அந்த நேரம் ஒரு காலரில் நூல் வெட்டிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பல நாள் கண் திறக்காமல் கிடந்தான். திறந்தபோது அவள்தான் பக்கத்தில் இருந்தாள். அவளை நன்றாகப் பார்த்தான். பார்வை தெளிவாகத்தான் இருந்தது.

"அக்கா, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

மருந்து மயக்கம் என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் புகட்டினாள். குடித்து முடித்துவிட்டு, "எங்கம்மைக்குச் சொல்லி விட்டாச்சா?" என்று கேட்டான். அவன் அம்மா செத்துப்போய் வருஷங்கள் ஆகியிருந்தன.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஊர், அம்மா, பம்பாய்க்கு வந்தது, வந்த புதிதில் நாலு பையன்களோடு பரணில் படுத்துக் கிடந்தது, எல்லாம் அவனுக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு வந்த வருஷங்கள் போய்விட்டன. திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம். கேள்வி கேட்டு நெருக்காதீர்கள் என்றார். கல்யாணம் அந்தப் போய்விட்ட வருஷங்களில்தான் இருந்தது.

அவன் அண்ணன் பிச்சையா பம்பாய்க்கு வெளியே கல்யாண் என்ற ஊரிலிருந்து ரயிலேறி வந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் பதறிப்போயிருந்தார். தம்பியின் தாடையைப் பிடித்துத் திருப்பி, "எலேய், இது யாரு? சொல்லு பாப்போம்" என்றார். பேச்சிராஜா வடிவைப் பார்த்து, தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்த முகத்தோடு, "நர்சம்மாவா?" என்றான். அவன் அம்மாவை மறுபடியும் கேட்டபோது பிச்சையா அழுதுகொண்டே உண்மையைச் சொல்லிவிட்டார். பேச்சிராஜா கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொள்ளப் போனான். கட்டுப் போட்ட தலை என்று ரெண்டு பேர் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. முன்னால் ஒரு தடவை ஊரில் கொள்ளிக்குடம் சுமந்து அழுதவன், இப்போது முதல்முறை போலவே அழுதான். வடிவு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவன் வாசலிலேயே நின்றான். கீழே ஒரு அறை, மேலே ஒரு பரண், அவ்வளவுதான் வீடு. "நான் வெளிய படுத்துக்கிடுதேன். நீங்க கதவச் சாத்திக்கிடுங்க" என்றான். அடுத்தவர் வீட்டுப் பெண்ணோடு ஒரே அறையில் எப்படிப் படுப்பது என்ற கூச்சம் அவனுக்கு. கடைசியில் அவனைப் பரணில் படுக்கவைத்தாள். காலையில் அவள் எழும் முன்பே பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, விருந்துக்கு வந்தவனைப் போலச் சுவரோரம் உட்கார்ந்திருப்பான். "நீங்க சாப்டியளா?" என்று கேட்காமல் தட்டில் கை வைக்கமாட்டான். அவள் எப்போதும் போல நீங்க என்றாள். அவனும் நீங்க என்றான். ஏளா என்ற சொல் அந்த வீட்டில் கேட்கவே இல்லை.

தொடர்களில் பெண்கள் என்ன செய்வார்களோ அதையெல்லாம் செய்துபார்த்தாள். அவனுக்குப் பிடித்த உளுந்தங்கஞ்சி வைத்தாள். கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்காரும் மாஹிம் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். கஞ்சி நன்றாக இருக்கிறது என்றான். புடவை நல்ல நிறம் என்றான். கடலைப் பார்த்துவிட்டு, "நேரமாகுது, உங்க வீட்ல தேடுவாங்கல்லா?" என்று கேட்டான்.

கூடத்தில் அவள் கதை சொல்வது நின்றுபோனது. ஒருநாள் பானுமதி மெதுவாகச் சொன்னாள். "ஏட்டி, அந்தத் தொடர்லகூட ஒரு நாள்ல அவனுக்குப் பளிச்சுன்னு வந்துருமே. உனக்கும் அப்படித்தான் வரும், பாத்துக்கோ."

கத்தரிக்கோலைக் கீழே போட்டாள் வடிவு. "கதைக்காரன் எழுதுததுல எப்பவும் காதலைத்தான் மறப்பான், பதினஞ்சாம் வாரம் அவ அழுததும் நெத்தியப் பிடிச்சுக்கிட்டு எல்லாம் வந்துரும். செத்தவங்களை மறந்ததா ஒரு கதை எழுதச் சொல்லு பாப்போம். ஒருத்தனும் எழுத மாட்டான்."

அவள் எதைச் சொல்கிறாள் என்று பானுமதிக்குப் புரியவில்லை. புரிய வழியுமில்லை.

கல்யாணமான இரண்டாம் வருஷம் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாள் இருந்தது. உள்ளே போய்ப் பார்க்க அம்மா அப்பாவை மட்டும்தான் விட்டார்கள். போட்டோ எடுக்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. "மூக்கு உன் மூக்குதான்ளா" என்று பேச்சிராஜா கண்ணாடியில் விரல் வைத்துச் சொன்னான். பிறகு அவன்தான் ஒரு துண்டில் சுற்றி, டாக்சியில் மடியில் வைத்து, மயானத்துக்குக் கொண்டுபோனான். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர். அவர்கள் அதைப்பற்றி அதிகம் பேசிக்கொண்டதில்லை. வருஷம் ஒருமுறை அந்த நாளில் சேர்ந்து அங்கே போய் நின்றுவிட்டு வருவார்கள், அவ்வளவுதான். இப்போது இரண்டு பேரில் ஒருவன் போய்விட்டான். தான் ஒருத்தி மட்டும் சொன்னால் அப்படி ஒரு பிள்ளை இருந்ததாக ஆகுமா என்று வடிவுக்குச் சில வேளைகளில் சந்தேகம் வந்தது. இவனிடம் சொல்லிவிட்டால் என்ன என்றும் தோன்றும். உடனே ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து அழுதவன் கண்முன் வருவான்.

பிச்சையா ஞாயிறு தவறாமல் வந்தார். வரும்போதெல்லாம் கல்யாண ஆல்பத்தைப் பிரித்துவைத்து, "இது யாரு, இது எந்த ஊரு" என்று விரலால் தட்டுவார். மாலையோடு நிற்பது தானும் வடிவும் என்று அவர் சொல்லித்தான் பேச்சிராஜாவுக்குத் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு, வீட்டுப்பாடம் படிக்காத பையனைப் போல வியர்ப்பான்.

அப்படி அவர் வந்துவிட்டுப் போன ஒரு மதியம், என்ன செய்வதென்று தெரியாமல் வடிவு போனை எடுத்துப் பாதியில் நின்ற தொடரைப் போட்டாள். பேச்சிராஜா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இடையில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தான்.

"இந்தப் பொண்ணு ஏன் அழுதா?"

"அவனுக்கு அடிபட்டு எல்லாம் மறந்துபோச்சு. இவளைத் தெரியல."

திரையில் கோட்டுக்காரனைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். ஒருத்தி மோதிரத்தைக் காட்டினாள். அம்மா சத்தம் போட்டாள். காதலி அவன் சட்டையைப் பிடித்து உலுக்கி, என்னை எப்படி மறக்கலாம் என்று கதறினாள். நல்ல நடிப்பு. வேறு நாளாக இருந்தால் வடிவு அந்தப் பெண்ணோடு சேர்ந்து அழுதிருப்பாள்.

"பாவம்" என்றான் பேச்சிராஜா.

"ஆமா, எவ்வளவுதான் தாங்குவா."

"அவளைச் சொல்லல. அவனைச் சொல்லுதேன்." கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் சொன்னான். "அவன் என்ன வேணும்னா செஞ்சான்? ஆளாளுக்கு வந்து, திருடினதக் குடு, குடுன்னு கேக்க மாதிரி கேக்காங்க. அவங்கிட்ட இருந்தாத்தானே குடுப்பான்."

வடிவு போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். எத்தனையோ தொடர்கள் பார்த்திருக்கிறாள். எத்தனையோ பேருக்கு ஞாபகம் போய்த் திரும்ப வந்ததைப் பார்த்திருக்கிறாள். ஒரு தடவையாவது மறந்தவன் பக்கம் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. எழுந்து போய்க் கல்யாண ஆல்பத்தைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தாள். மறு ஞாயிறு பிச்சையா வந்து அதைக் கேட்டபோது, "வேண்டாம் அத்தான். டீ குடிச்சிட்டுச் சும்மா பேசிக்கிட்டு இருங்க, போதும்" என்றாள். அவர் கோபித்துக்கொண்டார். பிறகு சரியாகிவிட்டார்.

அதிலிருந்து அவன் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தான். அவளோடு சேர்ந்து தொடர் பார்த்தான். அவனுக்கும் குடைக்காரனைத்தான் பிடித்தது. சில நாள் இருவரும் அதைப் பேசிச் சிரித்தார்கள். அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், சிரிப்பு அடங்குமுன்பே அவன் கேட்டான்.

"நான் ஒண்ணு கேட்டா தப்பா எடுக்கமாட்டியளே. நமக்குப் பிள்ளைங்க ஏதும் உண்டா? இருந்து நான் மறந்திருந்தா பெரிய பாவம்."

நமக்கு என்று அவன் சொன்னது அதுதான் முதல்முறை. வடிவுக்குப் பதில் நாக்கு வரைக்கும் வந்தது. அவன் கைகள் மடியில் கோத்தபடி இருந்தன. ஒரு பிள்ளையைச் சுமந்தது தெரியாத கைகள்.

"இல்ல" என்றாள். "இருந்தாத்தானே மறக்க. போங்க, டீ போடுதேன்."

அவன் பெருமூச்சு விட்டது ஸ்டவ் அருகில் நின்றவளுக்குக் கேட்டது. அவள் அடுப்பைப் பற்றவைக்காமலே கொஞ்ச நேரம் நின்றாள்.

மழைக்காலம் போய்ப் பனி வந்தபோது, வருஷா வருஷம் பிள்ளையிடம் போய் நிற்கும் அந்த நாளும் வந்தது. பைசான் பாயிடம் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, கூடையில் கொஞ்சம் பூவும் ஒரு பால் பாக்கெட்டும் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். எங்கே என்று கேட்டதற்கு சயான் வரைக்கும் என்றாள். "ஒத்தையிலயா? நான் வாரேன், கூடையத் தூக்கிக்கிடுதேன்" என்று அவனும் செருப்பை மாட்டிக்கொண்டான். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் அவளுக்குக் கிடைக்கவில்லை.

மயான வாசலில் அவனை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மதில் ஓரம் சின்னப் பிள்ளைகளைப் புதைக்கிற இடம். அடையாளம் என்று ஒன்றும் கிடையாது. அதே மண்ணில் அதற்குப் பிறகு எத்தனை பேரோ. குத்துமதிப்பாக ஒரு இடத்தில் பூவை வைத்துப் பாலை ஊற்றினாள். நிமிர்ந்தபோது அவன் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தான்.

"ரொம்ப நேரமா காணோமேன்னு வந்தேன்." மண்ணில் ஊறிப்போகும் பாலைப் பார்த்தான். "யாரு இது, உங்களுக்கு?"

"ஒரு பிள்ள. தெரிஞ்சவங்க வீட்டுப் பிள்ள."

"பெத்தவங்க வரலையா?"

அவள் காலிப் பால் பாக்கெட்டை மடித்துக் கூடையில் போட்டாள். அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு முன்னால் வந்தான். யாரோ ஒருவருடைய பிள்ளைக்கு ஒரு மனிதன் செய்யவேண்டிய மரியாதையோடு, கண்களை மூடி இரண்டு கையையும் கூப்பினான்.

வடிவு அவன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.