கீழ் இடது கடைவாய்ப் பல்

சின்ன வயதிலிருந்தே பற்கள் மீது எனக்கு ஆர்வம் என்று தட்டச்சு செய்துவிட்டு ஜூலியேத் அந்த வரியை அழித்தாள். பொய். சின்ன வயதில் அவளுக்குப் பல் வைத்தியர் என்றாலே காய்ச்சல் வரும். மதிய இடைவேளையில் தாவோ தியென் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசைக் கணினி காலியாக இருந்தது. ஏன் பல் மருத்துவம் படிக்க விரும்புகிறாய் என்று ஆஸ்திரேலியக் கல்லூரி கேட்டிருந்தது. ஐந்நூறு சொற்கள். கூடவே, ஒரு மருத்துவரிடம் உதவியாளராக இருந்ததற்கு அவர் கையெழுத்திட்ட சான்று. அந்த மருத்துவர் சென்னையிலிருந்து வியட்நாமுக்கு வந்த சதாசிவம். அங்கேயே வளர்ந்த தமிழ்ப் பெண்ணான அவளுக்கு இரண்டு வருடமாக அவரிடம்தான் வேலை.

போன வாரம் அவரிடமே யோசனை கேட்டிருந்தாள். "சும்மா அளக்காதம்மா. ஒரே ஒரு விஷயத்தப் புடி. அத மட்டும் கடைசி வரைக்கும் சொல்லு" என்றார்.

அவளிடம் ஒரே விஷயம்தான் இருந்தது. எட்டு மாதமாக அதைத்தான் வாய்க்குள் வைத்து மென்றுகொண்டிருந்தாள். ஊரின் பெரிய சந்தையான பென்தானில் துணி விற்கும் ஒரு பெண்ணுக்குக் கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் உறை போட்டவை. வலது பல்லின் வேரில் சீழ். மாத்திரையில் வலி அடங்கியிருந்தது. எக்ஸ்ரே பிலிமின் மூலையில் கடுகளவு புள்ளி ஒன்று புடைத்திருக்கும். அந்தப் புடைப்பு பார்ப்பவரை நோக்கி இருக்க வேண்டும், இல்லையென்றால் வலது இடதாகிவிடும். சதாசிவம் கைப்பேசியில் பேசிக்கொண்டே பிலிமை வாங்கி விளக்குப் பலகையில் செருகினார். புள்ளி உள்ளே குழிந்து தெரிந்தது. "சார்" என்றாள் ஜூலியேத். அவர் பார்க்காமலே கையை உயர்த்தி அடக்கினார். இடது பக்கப் பல்லைப் பிடுங்கத் தொடங்கினார். நல்ல பல் லேசில் வராது. இருபது நிமிடம் ஆனது. பிறகு நோயாளியின் அட்டையில், உதவியாளர் பிலிமைத் திருப்பி வைத்தார் என்று எழுதினார். எல்லோர் முன்னாலும் அவளை மன்னிப்புக் கேட்க வைத்தார். "சின் லோய்" என்று கும்பிட்டபோது, வாயில் பஞ்சு கடித்திருந்த அந்தப் பெண்ணால் திட்டக்கூட முடியவில்லை.

ஜூலியேத் ஒரே மூச்சில் எழுதி முடித்தாள். அச்செடுத்து, சான்றோடு சேர்த்து உள்ளே கொண்டுபோனாள். நாற்காலியில் அடுத்த நோயாளி, ஒரு வியட்நாமிய முதியவர், ஊசி போட்டுக்கொண்டு மரத்துப்போவதற்காகக் காத்திருந்தார். சதாசிவம் நின்றபடியே படித்தார்.

"என்னம்மா இது?"

"நீங்க சொன்ன மாதிரியே ஒரே விஷயம் சார்."

"என் பேரு போடல. அந்த வரைக்கும் சந்தோஷம்."

"சான்றுல இருக்கு சார். ரெண்டையும் ஒண்ணா பின் பண்ணித்தான் அனுப்பணும்."

அவர் சிரிக்கப் பார்த்தார். "நான் கையெழுத்துப் போடலன்னா?"

"அப்ப இது ஆஸ்திரேலியாவுக்குப் போவாது. சந்தைக்குப் போவும். அந்தத் துணிக்கடைக்கு ரெண்டு கடை தள்ளித்தான் எங்கம்மா மிளகு விக்கிது. வியட்நாம் பாஷையில நல்லாவே படிச்சுக் காட்டும்."

இத்தனை நாள் கனவில் கண்ட முகம் இதுதான். மூக்கின் இரு பக்கமும் வெளுத்து, வாய் லேசாகப் பிளந்து. அவள் அவசரப்படாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சதாசிவம் மறுபடி காகிதத்தைப் புரட்டினார். ஒரு வரியில் நின்றார். முகத்தில் மெல்ல ரத்தம் திரும்பியது.

"புள்ளி குழிஞ்சிருந்தத நீ பாத்ததா எழுதியிருக்கே. சரி. அப்புறம் இருபது நிமிஷம் நீ என்ன பண்ணேன்னு காலேஜ்காரன் கேக்க மாட்டானா? கொறட எடுத்து என் கையில குடுத்தது யாரு?"

பல் பிடுங்கும் குறடுகள் இருந்த தட்டின் பக்கம் அவள் பார்வை போனது.

"அதான் சொல்றேன். வீட்டுக்குப் போ, அழகா வேற எழுது." சான்றில் கையெழுத்திட்டு, மூடி கழற்றிய பேனாவை மேசையில் போட்டார். ஜெயித்தவரின் தாராளம்.

ஜூலியேத் அந்தப் பேனாவை எடுத்தாள். குனிந்து, கட்டுரைத் தாளின் அடியில் மிச்சமிருந்த வெள்ளையில், குறடை எடுத்துக் கொடுத்தது நான் என்று எழுதினாள். இரண்டு தாள்களையும் சேர்த்துப் பின் அடித்தாள்.

"பைத்தியமா உனக்கு?" என்றார் சதாசிவம். அவர் போட்ட கையெழுத்தும் இனி அதோடு சேர்ந்தே போகும்.

நாற்காலியில் முதியவர் கண்களை மட்டும் உருட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மரத்த உதட்டோரத்திலிருந்து எச்சில் இழையாக இறங்கிக் கழுத்துத் துண்டை நனைத்தது. அவருக்குத் தெரியவில்லை.