லைமன்பாக்கின் துக்க மணி

லைமன்பாக்கில் தேவாலயம் மேற்குக் கரையில் இருந்தது, கல்லறைத் தோட்டம் கிழக்குக் கரையில். நடுவில் ஓடுகிற ஓடையைக் கன்றுக்குட்டிகூடத் தாண்டிவிடும். தேவாலயம் நிற்கிற மேடு முழுக்கப் பாறை என்பதால், அந்தக் காலத்தவர்கள் கோபுரத்தை அங்கே எழுப்பிவிட்டு, செத்தவர்களை எதிர்ச் சரிவில் மண் மெத்தென்று இருந்த இடத்தில் புதைத்தார்கள். மரப்பாலத்தைக் கடந்து போய் அடக்கம் செய்வது, அதே பாலத்தைக் கடந்து வந்து விடுதியில் பீர் குடிப்பது. இதில் யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை.

பிறகு எங்கோ உட்கார்ந்திருந்த இரண்டு ராஜாக்கள் ஓடையையே எல்லையாக வைத்து ஊரைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஓர் ஊருக்கு இரண்டு தலைவர்கள், இரண்டு பள்ளிக்கூடம், இரண்டு வரி. ஊர்க்காரர்கள் அதைச் சிரிப்பாக்கிவிட்டார்கள். விடுதி மேற்குக் கரையில் மட்டும்தான். கிழக்குக் கரை ஆண்கள் சாயங்காலமானால் தொப்பியை மாட்டிக்கொண்டு, "வெளிநாடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள்.

ட்ரூடெல் இந்தச் சிரிப்பைக் கேட்டு வளர்ந்தவள். பிறந்தது கிழக்குக் கரையில், மாவு மில் வீட்டில். வாழ்க்கைப்பட்டது மேற்குக் கரையில், பால்மாடு வைத்திருந்த ஓட்மாருக்கு. அவளுடைய கல்யாண ஊர்வலம் மில்லிலிருந்து தேவாலயத்துக்குப் போனபோது, வாத்தியக்காரர்கள் முதல் பாட்டை முடிப்பதற்குள் வாசல் வந்துவிட்டது. மில்லை அவளுடைய அண்ணன் ஏர்வின் பார்த்துக்கொண்டான். அண்ணி லீஸ்பெத் துணி துவைத்தால் இந்தக் கரையில் சோப்பு மணக்கும். அவ்வளவு பக்கம்.

உலகப் போருக்குப் பிறகு நாடே இரண்டாகி, கிழக்கில் ஓர் அரசாங்கம், மேற்கில் ஓர் அரசாங்கம் என்று ஆனது. முதலில் பாலத்தைப் பிரித்தார்கள். அப்புறம் கம்பி வேலி. அறுபத்தாறில் வெள்ளையடித்த கான்கிரீட் சுவர், ஆளுயரத்தைப்போல் இரண்டு மடங்கு. கிழக்குக் கரையில் இருப்பவர்கள் இந்தப் பக்கம் பார்த்துக் கையாட்டக் கூடாது என்று சட்டம். இந்தப் பக்கத்தவர்கள் ஆட்டலாம், தடை இல்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ட்ரூடெல் மேட்டிலிருந்து கையை ஆட்டப் போக, ஏர்வினைக் கூப்பிட்டு வைத்து நாள் முழுக்க விசாரித்தார்கள் என்று சுற்றி வளைத்துச் சேதி வந்தது. அன்றோடு அவளும் கையாட்டுவதை விட்டுவிட்டாள்.

அடுத்த வருஷம் தேவாலயத்தில் மணியடித்துவந்த கோயில்பிள்ளைக்கு முழங்கால் ஓய்ந்துபோனது. கோபுரம் ஏறி மணியடிக்க ஆள் தேடினார்கள். ட்ரூடெல் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"சம்பளம் ஒண்ணும் பெரிசா கிடையாதும்மா" என்றார் போதகர் ஹார்ட்டுங்.

"எனக்குச் சம்பளம் எதுக்குங்க ஐயா? அந்த ஜன்னல் போதும்."

கோபுரத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் சுவர் ஒரு வெள்ளைக் கோடாகக் கீழே கிடக்கும். அதற்கு அப்பால் ஊரின் மறுபாதி முழுசாகத் தெரியும். கறுப்பு மரச்சட்டம் போட்ட வெள்ளை வீடுகள், தலைக்குத் தலை சாய்ந்துகொண்டு நிற்கும் செம்மண் ஓட்டுக் கூரைகள், மில்லின் குளம், அண்ணன் வீட்டு முற்றம், அதற்கு மேலே சரிவில் எலுமிச்சை மணமுள்ள பூக்களைக் கொட்டுகிற லிண்டன் மரம், மரத்தடியில் கல்லறைகள். அந்த மரத்தின் கீழ்தான் அவளுடைய அப்பா அம்மா இருந்தார்கள். தினமும் காலை மணியை அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள். இந்த ஊரைப்போல ஓர் ஊர் எங்கே இருக்கிறது என்று தோன்றும்.

ஒரு மழை நாள். ஜன்னலில் கூடு கட்டியிருந்த காக்கைகளை விரட்டப் போனவள், அண்ணன் வீட்டு முற்றத்தில் கொடியில் ஒரே ஒரு கறுப்பு ஏப்ரன் நனைந்துகொண்டு தொங்குவதைப் பார்த்தாள். மழையில் யாராவது துணி காயப் போடுவார்களா? மத்தியானம் அதற்குப் பதில் கிடைத்தது. சரிவில் ஒரு டிராக்டர் மெல்ல ஏறியது. பின்னாலிருந்த வண்டியில் சவப்பெட்டி. அதற்குப் பின்னால் கறுப்பு உடுத்திய ஜனம். கூட மணியில்லை, பாட்டில்லை. தன் ஊர் ஜனம் இப்படி ஊமையாக நடப்பதை அவள் பார்த்ததே இல்லை.

ட்ரூடெல் யோசிக்கவில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்தாள். பெரிய மணி பேசத் தொடங்கியது. லைமன்பாக் வழக்கப்படி செத்தவர் பெண்ணென்றால் இரண்டு தடவை நிறுத்தி நிறுத்தி அடிக்க வேண்டும், ஆணென்றால் மூன்று தடவை. ஏப்ரனைப் பார்த்திருந்ததால் பெண்ணுக்கு அடித்தாள்.

அன்று சாயங்காலம் போதகர் வீட்டுக்கே வந்துவிட்டார். "யாருக்கும்மா அடிச்சே? நம்ம சபையில யாரும் தவறலையே."

"தவறினாங்க. அந்தக் கரையில."

"நமக்கு அறிவிப்பு ஒண்ணும் வரலையே."

"எப்படி வரும்? கடுதாசி வந்து சேர்றதுக்குள்ள கல்லறையில புல்லு முளைச்சிடும். அந்தம்மா யாரோ, எனக்குத் தெரியாது. ஆனா இந்தத் தேவாலயத்துல ஞானஸ்நானம் வாங்கினவங்கதானே? மணியடிக்காம மண்ணுக்குள்ள அனுப்பச் சொல்றீங்களா?"

ஓட்மார் அடுப்போரமாக இருந்தபடி, "ஐயா, இவகிட்ட வாதாடாதீங்க. நான் விட்டு வருஷமாச்சு" என்றான்.

போதகர் கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார். "அடுத்த தடவை எனக்கும் சொல்லு. நான் கீழ நின்னு ஜெபம் பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பின் அது வழக்கமானது. கொடியில் தனியாகக் கறுப்பு ஏப்ரன் தொங்கினால் ஒரு பெண். கோட்டுக்குள் போடுகிற கையில்லாத கறுப்பு அரைச்சட்டை தொங்கினால் ஓர் ஆண். கொடியைப் பார்த்த நாளிலிருந்து ட்ரூடெல் சரிவில் ஒரு கண் வைத்திருப்பாள். ஜனம் ஏறத் தொடங்கியதும் மணி பேசும். மணியோசைக்கு எந்தச் சுவரும் தடையில்லை. மேற்குப் பக்கத்துக் காவலர் ஒருவர், "எதுக்கும்மா வீண் வம்பு?" என்று கேட்டுப் பார்த்தார். "என் மணிக்கு எல்லை தெரியாது சார், நீங்க வேணா மேல ஏறிச் சொல்லிப் பாருங்க" என்றாள். அவர் படிகளை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பின்னாளில் தூரத்துக் கிழக்கு ஊர்களுக்குப் போய்வர அனுமதி கிடைத்தது. சுவரை ஒட்டிய வீடுகளுக்கு மட்டும் யாரும் போக முடியாது. நூறு மைல் சுற்றி எங்கே வேண்டுமானாலும் போகலாம், அண்ணன் வீட்டுக்குப் போக முடியாது.

எழுபத்தொன்பது மார்ச்சில், பனி இன்னும் உருகாத ஒரு காலையில், கொடியில் அரைச்சட்டை தொங்கியது. குளிரில் விறைத்துப் பலகைபோல் நின்றது. ட்ரூடெல் பார்த்துக்கொண்டே இருந்தாள். வழக்கமாகத் தொங்குகிற பழைய அரைச்சட்டை இல்லை அது. வெள்ளிப் பொத்தான் வைத்தது. அவளுடைய கல்யாணத்துக்கு ஏர்வின் தைத்துக்கொண்டது.

எப்படிக் கீழே இறங்கினாள் என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. மாட்டுக் கொட்டகையில் ஓட்மார் பால் கறந்துகொண்டிருந்தான்.

"அண்ணன் போயிட்டான்" என்றாள்.

ஓட்மார் எழுந்து வந்து அவளைப் பிடித்துக்கொண்டான். கை முழுக்கப் பால்.

அடக்கத்தன்று, "நான் அடிக்கறேன், நீ ஜன்னல்ல நின்னு பாரு" என்றான்.

"வேண்டாம். அவனுக்கு நான்தான் அடிக்கணும். என்னால அங்க போக முடியாது. இதுவாவது போகட்டும்."

அவள் கயிற்றை இழுத்தாள். மூன்று தடவையும் அடித்து முடித்தாள். அப்போதும் கை நிற்கவில்லை. ஓட்மார் ஜன்னலில் நின்றபடி பார்த்ததைச் சொல்லிக்கொண்டே வந்தான். "வண்டி வளைவுக்கு வந்துடுச்சு... அண்ணி முன்னால நடக்கறாங்க... ட்ரூடெல், நின்னுட்டாங்க. எல்லாரும் நின்னுட்டாங்க."

அவள் கயிற்றை விட்டுவிட்டு ஓடி வந்தாள். சரிவின் நடுவில் ஊர்வலம் அசையாமல் நின்றிருந்தது. ஒருவர் பின் ஒருவராகக் கோபுரத்தைப் பார்த்துத் திரும்பினார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். யாரும் கையாட்டவில்லை. அதற்குத்தானே தடை. தலைமேல் இருக்கும் தொப்பியைக் கழற்றக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. சுவரோரம் நின்ற இளம் சிப்பாய் அவர்களைப் பார்த்தான், கோபுரத்தைப் பார்த்தான். பிறகு எதையும் காணாதவன்போல முதுகைத் திருப்பிக்கொண்டு வயலைப் பார்க்கத் தொடங்கினான்.

ட்ரூடெல் மறுபடி போய்க் கயிற்றைப் பிடித்தாள். பெட்டி குழிக்குள் இறங்கும்வரை அடித்தாள். மறுநாள் முட்கரண்டியைக்கூட அவளால் தூக்க முடியவில்லை. ஓட்மார் உருளைக்கிழங்கு உருண்டையைத் துண்டு போட்டு ஊட்டிவிட்டான்.

எண்பத்தொன்பது டிசம்பரில் ஒரு காலை, கிழக்குப் பக்கத்திலிருந்து கிரேன் வந்து சுவரில் ஒரு துண்டைத் தூக்கி ஓரமாக வைத்தது. யாரோ ஓடைமேல் பலகை போட்டார்கள். அவ்வளவுதான். இரண்டு கரையிலும் ஊரே திரண்டு நின்றது. பேண்டு வாத்தியம் ஏதோ வாசித்தது. யார் முதலில் காலை வைப்பது என்று எல்லோருக்கும் ஒரு தயக்கம். அந்த ஓட்டை வழியாக முதலில் வந்தது ஒரு கைத்தடி. பின்னால் சின்ன உருவம், தலையில் கம்பளி முக்காடு. வேலி வந்த பிறகு கிழக்குக் கரையில் குடியேறிய ஃப்ரீடா. வயது எண்பதைத் தாண்டியிருக்கும்.

"இங்க மணியடிக்கறவ யாரு?" என்றாள், வணக்கம்கூடச் சொல்லாமல்.

ட்ரூடெல் முன்னால் வந்தாள். "நான்தாங்க."

"நீதானா? எனக்கு மணியடிச்சவ நீதானாடி?"

ட்ரூடெலுக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்களுக்கா? நீங்கதான் உயிரோட இருக்கீங்களே!"

"அதைத்தான் கேக்கறேன்! காய்ச்சல்ல படுத்துக் கிடக்கறேன். டாக்டர் கையை விரிச்சுட்டான். அப்ப உன் மணி அடிக்குது. ஒரு தடவை, நிறுத்தறே. ரெண்டாவது தடவை. பொம்பளை. ஊர்ல படுக்கையில கிடக்கற பொம்பளை நான் ஒருத்திதான். 'அடப்பாவி, இன்னும் மூச்சு இருக்குடி எனக்கு!'ன்னு எழுந்து உக்காந்தேன் பாரு. கோபத்துல காய்ச்சலே விட்டுப்போச்சு."

அவளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த லீஸ்பெத் சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கு நான் ஏப்ரனுக்குச் சாயம் போட்டுக் காய வெச்சிருந்தேன் ட்ரூடெல். அதே நேரம் பார்த்து எங்க பள்ளிக்கூடத்துப் பழைய வாத்தியார் கல்லறைக்குக் கல்லு நட ஜனங்க மேல போனாங்க. நீ ஆரம்பிச்சுட்டே. நான் முற்றத்துல நின்னு 'வேண்டாம் வேண்டாம்'னு கையாட்டவா முடியும்?"

"ஐயோ அண்ணி!"

"அதோட விட்டேனா? முதல் தடவையும் நான் சும்மாதான் மாட்டினேன். எடுக்க மறந்துட்டேன், மழை வந்துடுச்சு. நீ மணியடிச்சதும்தான், 'ஓ, இவ மேலிருந்து பாக்கறா'ன்னு புரிஞ்சது. அப்புறம்தான் ஒவ்வொரு தடவையும் வேணும்னே போட்டேன். ஒருநாள் காவல்காரன் வந்து, 'என்னம்மா, இந்தக் குளிர்ல துவைக்கறே?'ன்னு கேட்டான். 'எங்க வீட்டுல அழுக்கு ஜாஸ்தி தம்பி'ன்னேன்."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அண்ணியும் நாத்தனாரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். ட்ரூடெலின் பிடி கயிறு இழுத்து இழுத்து உரமேறிய பிடி. லீஸ்பெத், "எலும்பை ஒடிச்சுடாதடி" என்றாள். ஃப்ரீடா விடுதி எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டு கைத்தடியை ஊன்றி மேட்டில் ஏறினாள். அதற்குள் விடுதிக்காரர் பீப்பாயைத் திறந்திருந்தார். இத்தனை வருஷம் கழித்துக் கிழக்குக் கரை ஆண்கள் மறுபடி வெளிநாடு வந்தார்கள்.

ட்ரூடெல் எதிர்த்திசையில் நடந்தாள். ஓட்மாரிடம், "நீ மேல போ, அடி" என்று மட்டும் சொன்னாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

லீஸ்பெத் அவள் கையைப் பிடித்துச் சரிவில் கூட்டிப் போனாள். பாதி வழியில் மணி தொடங்கியது. ட்ரூடெல் நின்றுவிட்டாள். அவள் கேட்டுப் பழகியது காதைப் பிளக்கிற ஓசை, உடம்பையே உலுக்குகிற ஓசை. இங்கே அது வேறு மாதிரி இருந்தது. ஓடைக்கு மேலாக, கூரைகளைத் தடவிக்கொண்டு, மெதுவாக வந்து சரிவு முழுக்கப் பரவியது.

"இப்படியா கேக்கும்?" என்றாள்.

"இப்படித்தான் கேக்கும். ஒவ்வொரு தடவையும்."

"நல்லாத்தான் இருக்கு."

"நல்லாவா? அதைக் கேக்கறதுக்காகவே சில கிழங்க சாகலாம்னு நினைச்சுதுங்க."

ஏர்வினின் கல்லில் பனி படிந்திருந்தது. ட்ரூடெல் கையுறையால் துடைத்தாள். பெயரை விரலால் ஒருமுறை தடவினாள். அழுவோம் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள். ஆனால் அங்கே நின்றபோது கண் தானாகவே சுற்றிப் பார்க்கத் தொடங்கியது. மேலிருந்து ஒரு பக்கமாகவே பார்த்துப் பழகிய ஊர் இப்போது கீழே திரும்பி நின்றது. இரண்டு கரைக் கூரைகளும் ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவில் சுவரின் ஓட்டை வழியாக ஜனம் எறும்புச் சாரைபோல் போய் வந்துகொண்டிருந்தது. எத்தனை அழகான ஊர், என்று நினைத்தாள்.

"வா, மில்லைக் காட்டறேன்" என்றாள் லீஸ்பெத். "குளம் உறைஞ்சு கிடக்கு, பசங்க சறுக்கிட்டு இருக்கும். சக்கரத்தை ஏர்வின் மாத்திட்டான், நீ பாக்கலை இல்ல?"

"மாத்திட்டானா? பழசுக்கு என்ன கேடு?"

"கேடா? உங்கப்பா போட்ட சக்கரம், பாதிப் பல்லு இல்லை. உங்க வம்சத்துல யாருக்குத்தான் எதையும் தூக்கிப் போட மனசு வந்திருக்கு?"

இருவரும் சண்டை போட்டுக்கொண்டே சரிவில் இறங்கினார்கள்.