ஆமென் சொல்லும் வரை

எட்டாம் வகுப்பு ஆ பிரிவில் அந்த வருஷம் முப்பத்தொரு முயல்களும் இரண்டு நரிகளும் படித்தன. இரை, இரைகொல்லிப் பாடத்தைப் படம் போட்டு நடத்தினால் மனதில் நிற்காதாம். அதனால் வகுப்பையே அப்படிச் சேர்க்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்திருந்தது. நரிகள் முறைப்படி மாற்றுச் சான்றிதழோடுதான் வந்தன. அதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

ஜெபக்கனி டீச்சர் அந்த மிஷன் பள்ளியில் இருபத்தெட்டு வருஷமாக அறிவியல் நடத்துகிறவர். மதிய மணி அடித்ததும் சாப்பாட்டு ஜெபம் சொல்லுவார். எல்லாரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஆமென் சொன்னதும் முயல்கள் டப்பாவைத் திறக்கும். நரிகள் டப்பா கொண்டுவருவதில்லை. டீச்சர் சுவரிலிருந்த வரைபடத்தில் முயல் எண்ணிக்கையைக் காட்டும் கோட்டை ஒரு கட்டம் கீழே இறக்குவார்.

ஒரு நாள் முயல் அம்மா ஒருத்தி வந்தாள்.

"எம்புள்ள எங்க டீச்சர்?"

"இந்தா, இந்த இறக்கத்துல இருக்கான்மா."

"கோணலில்லாம வந்திருக்கான்," என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். எவ்வளவு பொறுப்பான பெற்றோர்!

நரிகளுக்குப் பள்ளி பிடித்துப்போனது. தம்பி தங்கைகளையெல்லாம் கூட்டிவந்து சேர்த்தன. ஜூலைக் கடைசியில் முயல் பதினொன்று, நரி எட்டு. இரை குறைந்தால் நரியும் குறையும், ஆனால் கொஞ்சம் தாமதமாகத்தான் குறையும் என்று டீச்சர் பாடம் நடத்தினார். நரிகள் அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டன.

தலைமையாசிரியர் அருமைநாயகம் டீச்சரைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு அதிகாரி தலை எண்ண வாராரு. இருபது இல்லைன்னா நீங்க உபரி. மலைமேல ஏதாவது பள்ளிக்கூடத்துக்குத் தூக்கி அடிச்சிருவாங்க."

"பத்தொம்பது இருக்கு சார்."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. மலை ஏற முழங்கால் விடாது. டீச்சர் அன்று ராத்திரி ஆண்டவரிடம் ஒரே ஒரு தலை கேட்டார்.

மறுநாள் அதிகாரி சரியாக மதிய மணிக்கு வந்து, இடமில்லாததால் நரிகள் பெஞ்சில் உட்கார்ந்தார். டீச்சர் ஜெபத்தை ஆரம்பித்தார். அதிகாரியும் மரியாதைக்குக் கண்ணை மூடிக்கொண்டார். டீச்சர் முயல்களுக்காக ஜெபித்தார். நரிகளுக்காக ஜெபித்தார். துபாயிலிருக்கும் மகனுக்காக, மகளின் மாமியாருக்காக, சுற்றறிக்கை எழுதியவரின் நல்ல புத்திக்காக ஜெபித்தார். முக்கால் மணி நேரம் போயிற்று.

"டீச்சர், நம்ம பசி ஆண்டவருக்கு முதல் வரியிலயே தெரிஞ்சிருக்கும்," என்றது வகுப்புத் தலைவன் நரி.

"கண்ணை மூடு ராசா."

பெஞ்சில் யாருடைய வயிறோ உறுமியது. டீச்சர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். அதிகாரியின் வேட்டிக்குக் கீழே, செம்பழுப்பில், அடர்த்தியாக ஒரு வால் இறங்கியிருந்தது.

"ஆமென்," என்றார் டீச்சர்.

அதிகாரி எழுந்து, விரல் நீட்டி எண்ணினார். "முயல் பதினொண்ணு. நரி என்னைச் சேர்த்து ஒன்பது. இருபது. சரியா இருக்கு." கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார். டீச்சர் சிவப்புச் சாக்பீஸை எடுத்து நரிக் கோட்டை ஒரு கட்டம் மேலே ஏற்றினார்.

"நாளையிலிருந்து ஜெபத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கங்க டீச்சர்," என்றார் அதிகாரி. "நான் டப்பா கொண்டுவர்றதில்ல."