வாப்பாவின் பாதி வாக்கியம்

காமிரா போர்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அந்த ஆள் கூட்டத்துக்குள் மறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, என்ன காரியம் செய்திருக்கிறேன் என்று.

சீனாவின் ஷென்சென் நகரத்து எலெக்ட்ரானிக்ஸ் பஜார். ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்கு ஒரு கடை. எந்தப் பலகையிலும் எனக்குப் படிக்கத் தெரிந்த எழுத்து ஒன்றுகூட இல்லை. கடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே ஸ்டூலைக் காட்டினாள். அவள் தன் போனில் ஏதோ சொல்ல, போன் அதை இந்தியில் சொன்னது: வேறு கட்டடத்தில் தேடப் போயிருக்கிறார், உட்காருங்கள்.

உட்கார்ந்தேன். ஆள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாராவியில் லேப்டாப் ரிப்பேர் கடை நடத்துகிறவள் நான். வம்பு பண்ணுகிற கஸ்டமரை ஒரே முறைப்பில் வெளியே அனுப்புவேன். அந்தச் சஃப்ரீனை இங்கே எங்கே தொலைத்தேனோ தெரியவில்லை.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. ஜிப்போ பேரிங்கோ எது வேண்டுமானாலும், பழையதைக் கடைக்காரர் கையில் வைத்து "சாம்பிள்" என்றால் போதும். அவரிடம் இல்லாவிட்டால் ஆளிடம் கொடுத்து அனுப்புவார். ஆள் நாலு கடை ஏறி இறங்கி அதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்துவிடுவான். பிறந்ததிலிருந்து பார்த்த பழக்கம். இங்கேயும் கை தானாக நீண்டுவிட்டது.

நான் கொடுத்தது ஜிப் இல்லை. என் வாப்பாவின் பேச்சு.

வாப்பா அப்துல் வாஹிதுக்கு நரம்பு நோய். கை கால் போய், நாக்கும் போய், கண் மட்டும் மிச்சம். ஒரு டிரஸ்டிலிருந்து கண்ணால் எழுதுகிற கணினி ஒன்றைக் கொடுத்தார்கள். அவர் திரையில் எந்த எழுத்தைப் பார்க்கிறார் என்று அதில் இருக்கிற காமிரா கண்டுபிடிக்கும், ஸ்பீக்கர் வாசிக்கும். ரம்ஜானுக்கு முன்னால் காமிரா போர்டு செத்துப்போனது. செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. ஆன்லைனில் வரவழைத்தேன். படத்தில் ஒன்று இருந்தது, பெட்டியில் வேறு வந்தது. அதனால்தான் நானே புறப்பட்டேன். இன்னொரு போர்டு கிடைத்தாலும் போதாது. வாப்பாவின் போர்டில் இருக்கிற எட்டுக் கால் சிப்பை எடுத்து அதில் வைக்க வேண்டும். அந்தக் காமிராவின் கணக்கெல்லாம் அந்தச் சிப்பில்தான். காப்பி எடுக்கப் பார்த்தேன், சிப் விடவில்லை. அது போனால் எல்லாம் போயிற்று.

போர்டு சாகும்போது திரையில் வாப்பா எழுதியிருந்தது இரண்டே வார்த்தை: "மதீனாவ இனிமே".

மதீனா பீவி என் உம்மா. அந்த இரண்டு வார்த்தை அவளை அரித்துவிட்டது. மதீனாவ இனிமே என் பக்கத்தில் விடாதே என்றுதான் எழுத வந்தார் என்று முடிவு கட்டிக்கொண்டாள். முந்தின நாள் கஞ்சி ஊட்டும்போது அவருக்குப் புரையேறி மூச்சுத் திணறியது. அந்தக் குற்ற உணர்ச்சி. அதன் பிறகு வாப்பாவோடு தனியாக உட்காருவதையே விட்டுவிட்டாள். எப்போதும்போல அவளும் நானும் ஏணி ஏறி மேலே படுக்க, கீழ் அறையில் தம்பி சைஃப் அவருக்குத் துணையாகப் படுத்தான், காதில் இயர்போனோடு. கண் சிமிட்டினால் ஆமாம் என்று வைத்து நாங்கள் கேட்டும் பார்த்தோம். மவுத்துக்குப் பிறகு அடக்கம் செய்வதைப் பற்றியா? கடையைப் பற்றியா? எதற்கும் சிமிட்டவில்லை. உம்மாவைப் பற்றிக் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. எழுத்து அட்டை காட்டினால் களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

சைஃபுக்கு போன் போட்டேன்.

"சாம்பிள குடுத்திட்டேன்டா. ஆள் போயி ரொம்ப நேரமாச்சு."

"சிப்ப கழட்டி வைக்கலியா ராத்தா?"

"கழட்டலடா."

அவன் குரல் தணிந்தது. "டென்ஷன் எடுக்காத" என்றான். அந்தக் குரலே என்னை இன்னும் பயமுறுத்தியது.

ஆள் திரும்பி வந்தார். தலை நரைத்த, நல்ல முகமுள்ள மனிதர். மேஜையில் ஒரு போர்டை வைத்தார். அதே அளவு, அதே நம்பர். எனக்குச் சிரிப்பு வர வேண்டிய நேரம். அவருடைய இன்னொரு கை காலியாக இருந்தது.

"பழையது?" என்று போனிடம் கேட்டேன். அது சீனத்தில் கேட்டது. அவர் பெருமையாகப் பதில் சொன்னார். போன் இந்தியில் சொன்னது: உங்களுக்கு நல்ல விலை கிடைக்க, பழையதைக் கழிவில் கொடுத்துவிட்டேன்.

நான் கத்தினேன். என்ன மொழியில் கத்தினேன் என்று இன்றுவரை தெரியாது. அவர் முகம் வெளிறியது. என் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு ஓடினார். பாலம் தாண்டி, பின்சந்து வழியாக ஒரு கிடங்கு. மூட்டை மூட்டையாகப் போர்டுகள். சூட்டுக் காற்று ஊதுகிற துப்பாக்கியோடு ஒரு பெண் சிப்புகளை உருவிக்கொண்டிருந்தாள். வாப்பாவின் போர்டு அவள் காலடியில் கிடந்தது. ஓரத்தில் எட்டுப் புள்ளி ஈயம். சிப் இல்லை.

அவள் ஒரு தட்டைக் காட்டினாள். தட்டு நிறைய எட்டுக் கால் சிப்புகள். எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒரே அளவு. யா அல்லாஹ், இனி வாப்பா வாய் திறக்கவே மாட்டார், காரணம் நான்தான்.

அப்போதுதான் உம்மா நினைவுக்கு வந்தாள்.

தாராவியில் எங்களிடம் சாமான் கொடுக்கிற கஸ்டமர் எவனும் எங்களை நம்பியதில்லை. ரேமில், பேட்டரியில், எதிலாவது கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போவான். நல்லதை எடுத்துக்கொண்டு மட்டத்தை மாட்டிவிடுவோமாம். நான் புறப்பட்ட அன்று உம்மாவும் கஸ்டமர் மாதிரியே வந்து நின்றாள்.

"ஏளா, அந்தூர்க்காரன் மாத்திப்புட்டாம்னா என்ன செய்வே?"

"உம்மா, இது சீனா. உங்க மச்சான் கடை இல்ல."

"எந்த ஊரா இருந்தா என்ன?" என்றவள், எது முக்கியம் என்று கேட்டு, நான் காட்டிய சிப்பின் மேலேயே வொயிட்னரால் ஒரு பொட்டு வைத்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவசரத்தில் துடைக்க மறந்துபோனேன்.

தட்டை விரலால் கிளறினேன். மஞ்சளாகக் கருகிய பொட்டோடு ஒன்று கிடைத்தது. அந்த நரைத்த மனிதர் என்னைவிடப் பெரிதாக மூச்சு விட்டார்.

அதோடு பயம் போகவில்லை. அந்தச் சூட்டில் சிப் உள்ளுக்குள் செத்திருக்கலாம். சோதிக்க அங்கே கணினி இல்லை. விமானத்தில் அதை உள்ளங்கையிலேயே வைத்திருந்தேன். மும்பையில் இறங்கும்போது கை வியர்த்து, சுருங்கிப் போயிருந்தது.

வீட்டுக்கு வந்து, முகம்கூடக் கழுவாமல் சிப்பைப் புதுப் போர்டில் வைத்து ஈயம் பற்றவைத்தேன். சைஃப் ஸ்விட்சைப் போட்டான். உம்மா வாசல்படியில் நின்றாள், உள்ளே வரவில்லை. காமிராவின் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. பிஸ்மி சொன்னேன். மறுபடி எரிந்து, அப்படியே நின்றது.

திரையில் அந்தப் பழைய வரி அப்படியே வந்தது. வாப்பாவின் கண் அசைந்தது. எழுத்து எழுத்தாக, நின்று நின்று, அதே வரியைத் தொடர்ந்து எழுதினார். உம்மா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள். ஸ்பீக்கர் வாசித்தது:

"மதீனாவ இனிமே கீழ என் பக்கத்துல படுக்கச் சொல்லு. ராத்திரி பயமா இருக்கு."

சீனாவில் ஒரு பகல் பயந்ததற்கே எனக்கு உயிர் போய் வந்தது. இந்த மனிதர் ரம்ஜானிலிருந்து ஒவ்வொரு இரவும் இருட்டில் கண்ணைத் திறந்தபடி கிடந்திருக்கிறார். பக்கத்தில் படுத்திருந்தவன் காதில் பாட்டு. எனக்கு அழுகையும் வந்தது, எங்கள் எல்லோர் மேலும் ஆத்திரமும் வந்தது.

உம்மா ஏணியில் ஏறினாள். பட்டப்பகலில் அவளுடைய பாயும் தலையணையும் மேலிருந்து வந்து விழுந்தன. பின்னாலேயே அவளும் இறங்கி வந்து, கட்டிலை ஒட்டிப் பாயை விரித்து உட்கார்ந்து, அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே திட்ட ஆரம்பித்தாள்.

"இத அன்னைக்கே சொல்லப்படாதா நீங்க?"