விசைப்பலகைக்கு ஒரு பேரம்

அம்மாவின் பாத்திரக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து சிட்டு பரீட்சைக்கு எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்டால் வாய் மூச்சுவிடாமல் பதில் சொல்லும். பேனாவைப் பிடித்தாலோ அரைப் பக்கத்தில் விரல்கள் விறைத்துவிடும். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதிக்கும். போன பரீட்சையில் பாதித் தாளை வெள்ளையாகவே கொடுத்துவிட்டு வந்தாள்.

"இது சோம்பேறித்தனம் இல்லம்மா, எழுதுறதுல வர்ற குறைபாடு. டைப் பண்ண விட்டா தேறிடுவா" என்று டாக்டர் சீட்டு கொடுத்திருந்தார். பள்ளியில் அனுமதி வாங்க இன்றுதான் கடைசி நாள்.

அம்மா கடையைச் சாத்திவிட்டு, சீட்டோடு சிட்டுவையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினாள். கலங்கினால் அவளுக்கு வியாபாரம்தான் கைகொடுக்கும்: இரண்டு மடங்கு சொல்லி, பாதிக்கு இறங்குவது. தலைமையாசிரியர் அறையில் நுழைந்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"கம்ப்யூட்டர் வேணும் சார். தனி ரூம் வேணும். ரெண்டு மணி நேரம் கூடுதலா வேணும். பக்கத்துல நானும் உக்காரணும்."

"ஏம்மா, ஏ.சி. வேணாமா? இவளுக்குக் குடுத்தா நாளைக்கு வகுப்பே வந்து நிக்கும்."

"சரி சார், நான் உக்காரல. ரூமும் வேணாம்."

தலைமையாசிரியரின் கண் சுருங்கியது. இவ்வளவு சீக்கிரம் விலை இறங்கும் சரக்கை யார்தான் நம்புவார்? அம்மா நீட்டிய டாக்டர் சீட்டைப் பிரிக்காமலே ஓரமாக ஒதுக்கினார். வெளியே எழுத்தர் அலமாரிகளைப் பூட்டத் தொடங்கியிருந்தார்.

"முடிவா சொல்றேன். ரெண்டு பாடத்துக்கு டைப் பண்ணட்டும். மத்ததெல்லாம் கையாலதான்" என்றார் தலைமையாசிரியர்.

பேரம் படிந்த நிம்மதியில் அம்மாவின் முகம் மலர்ந்தது. "ரொம்ப சந்தோஷம் சா..."

"அம்மா, நீ சும்மா இரு!" சிட்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். "சார், மத்த பாடத்துக்கு மட்டும் என் கை சரியாயிடுமா?"

தலைமையாசிரியர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"எனக்கு ரூம் வேணாம், அம்மாவும் வேணாம். கீபோர்டு மட்டும் போதும். ஆனா எல்லாப் பாடத்துக்கும் வேணும் சார்."

தலைமையாசிரியர் சீட்டை இழுத்துப் பிரித்தார். படித்தார். மறுபடியும் மேலிருந்து படித்தார். பிறகு எழுத்தரைக் கூப்பிட்டு, "பூட்டாதீங்க. எல்லாப் பாடத்துக்கும் அனுமதின்னு போடுங்க" என்றார். சிட்டுவைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. "சீட்டைப் படிக்காமலே பேரம் பேசிட்டேன்மா. மன்னிச்சுக்க."

"தப்பு என் பேர்லயும் இருக்கு சார்" என்றாள் அம்மா. "அண்டா குண்டானுக்குப் பேரம் பேசலாம். ஒரு புள்ளைக்கு வேண்டிய உதவிக்குப் பேசக் கூடாது. கேக்குறவங்க கூட்டியும் கேக்கக் கூடாது, குடுக்குறவங்க குறைச்சும் குடுக்கக் கூடாது."