அறுபது கேலன் சிறுவாணி

கடலைப் பார்க்க வேண்டும் என்று நஞ்சம்மாள் கேட்டது கல்யாணமான மூன்றாம் நாள். கேட்டுப் பதினாலு வருஷம் ஓடிவிட்டது. காட்டூரில் பம்புசெட் பட்டறை வைத்திருந்த அவள் புருஷன் தம்பிதுரைக்கு வருஷா வருஷம் ஒரு சாக்குக் கிடைத்தது. மழை பெய்தால் ஒன்று, பெய்யாவிட்டால் இன்னொன்று. கடைசியில் ஆயுத பூசைக்குப் பட்டறையை இரண்டு நாள் மூடியபோது, "கொச்சிக்குப் போலாம், கெளம்பு" என்றார். இன்று போய் நாளை திரும்பிவிட வேண்டும்.

கிளம்புவதென்றால் சும்மாவா? சிறுவாணியைத் தவிர வேறு தண்ணீர் அந்த மனிதர் தொண்டையில் இறங்காது. ஒருமுறை மெட்ராஸ் போய், இரண்டு நாளும் சோடாவும் இளநீருமாகவே காலம் தள்ளிவிட்டு வந்தவர். ஆகவே பழைய ஹில்மன் காருக்குப் பின்னால் கட்டி இழுக்க ஒரு டிரெய்லரே செய்துவிட்டார். அதன்மேல் இரும்புத் தகட்டில் ஒரு தொட்டி, அடியில் பித்தளைக் குழாய். அறுபது கேலன் பிடிக்கும். மகள் சென்னியம்மாள் ஆசையாக உள்ளே கையை விட்டதற்கு ஒரு பாட்டம் திட்டு வாங்கினாள்.

"சிறுவாணியத் தவுத்து ஒரு சொட்டு இதுல படக் கூடாது. நாப்பது வருசம் துருப் புடிக்காம நிக்கோணும்."

வாளையார், பாலக்காடு வரை வண்டி சமர்த்தாகத்தான் போனது. குதிரான் மேட்டில் எருமைபோலப் படுத்துவிட்டது. ரேடியேட்டர் கொதித்தது, கிளட்ச் கருகி நாறியது. வண்டி பின்னால் நகரத் தொடங்கியதும் நஞ்சம்மாள் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தாள்.

தம்பிதுரை நெற்றியைத் துடைத்தார். "இந்தப் பாரத்தோட மேடு ஏறாது. மத்தியானமும் ஆயிப்போச்சு. திரும்பீரலாம் நஞ்சு. தை மாசம் பாத்துக்கலாம்."

"தண்ணியத் தொறந்து உட்டா ஏறீராதுங்களாப்பா?" என்றாள் சென்னியம்மாள்.

அவர் தொட்டியைப் பார்த்தார். குழாய் இறுக மூடியிருக்கிறதா என்று திருகிப் பார்த்தார்.

நஞ்சம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினாலு வருஷத்தைப் பொறுத்தவளால் அந்த ஒரு நிமிஷத்தைப் பொறுக்க முடியவில்லை. "நீங்க உங்க தண்ணியப் பத்தரமா ஊட்டுக்குக் கொண்டுபோங்க. நான் நடந்தே போயிக்கறனுங்க" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேட்டில் விறுவிறுவென்று ஏறினாள். கண்ணில் நீர் முட்டியது. கொச்சி எத்தனை மைல் என்று அவளுக்குத் தெரியாது.

வளைவை எட்டும்போது பின்னால் சலசலவென்று சத்தம். திரும்பினாள். குழாய் திறந்திருந்தது. சிறுவாணி தார் ரோட்டில் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. தம்பிதுரை மண்டி போட்டு, குழாய்க்கடியில் கையை ஏந்தி, வயிறு முட்டக் குடித்துக்கொண்டிருந்தார். கோபத்தை இழுத்துப் பிடிக்கத்தான் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

சூரியன் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் கடல் வந்தது.  அலை காலை நனைத்ததும் நஞ்சம்மாள் மகளின் கையை இறுக்கிக்கொண்டாள். இவ்வளவு தண்ணீரையும் பார்க்காமலே செத்துப்போயிருப்போமே என்று நினைத்தாள். அதற்குள் இருட்டிவிட்டது.

தங்கிய விடுதியில் ஏதோ மரப்பட்டை போட்டுக் காய்ச்சிய சிவப்புத் தண்ணீர் கொடுத்தார்கள். தம்பிதுரை விளக்கெண்ணெய் குடிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு டம்ளர் குடித்தார்.

"கடல ஒரு மணி நேரங்கூடப் பாக்கலீங்களே" என்றாள் நஞ்சம்மாள், படுக்கப்போகும்போது. குறையாகச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது.

விடிகாலையில் எழுந்தபோது அவரைக் காணோம். வெளியே வந்தாள். டிரெய்லருக்குப் பக்கத்தில் தொடைவரை நனைந்த வேட்டியோடு, வாளியும் கையுமாக நின்றிருந்தார். தொட்டியை எட்டிப் பார்த்தாள். பாதிக்குத் தண்ணீர். மேலே கொஞ்சம் நுரை. விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

"ஏனுங்க, இது கடலு!"

"பாதிதான் ஊத்தியிருக்கறேன். மேடு ஏறீரும்" என்றார் அவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "ஊட்டுல வெச்சு இன்னுங் கொஞ்ச நேரம் பாத்துக்க."

பட்டறைக்காரன் பெண்டாட்டிக்குத் தெரியாதா? "உப்புத் தண்ணியாச்சுங்களே. தொட்டியத் தின்னுபோடுமுங்க."

"தின்னுட்டுப் போவுது" என்றார் தம்பிதுரை. "ஏறு, நேரமாச்சு."